மின்மினி பார்க்கப் போய் மங்கு பார்த்த கதை

முதலில் டாக்சிக்காரர் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் இன்றும் தூக்கம் வராது. மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து மின்மினி பார்க்கும் இடமான கம்போங் குவாந்தான் போய்த் திரும்ப 80 வெள்ளி (ரிங்கிட்). நண்பன் போன மாதம் 50-க்குப் போய் வந்திருக்கிறான். கேட்டால், "இருட்டு ரோடு தம்பி, வரும்போது காலியா வரணும்" என்கிறார். போய்த் திரும்ப என்று பேசி, நானும் கூடவே உட்கார்ந்து வரப்போகும்போது வண்டி எப்படிக் காலியாக வரும்? வேறு வண்டி இல்லை, கொடுத்துத் தொலைத்தேன். தங்கியது நண்பனின் அத்தை வீட்டில் என்பதால்தான் செலவுக் கணக்கு எகிறாமல் தப்பியது.

மின்மினி நன்றாகத்தான் இருந்தது. சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மொத்தமாக விட்டுவிட்டு மின்னுகின்றன. கைப்பேசியில் எடுத்தால் வெறும் கறுப்புதான் வரும், நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மின்மினிக்காக இல்லை, ஒரு ரப்பர் பால் மங்குக்காக.

பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப் பெயர் 2007-இல் மாறிவிட்டது. ஆனாலும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். முன்பு ஈயமும் ரப்பரும், இப்போது எங்கே திரும்பினாலும் செம்பனை. ஞாயிறு காலை அத்தை என்னை எழுப்பி, பசியாறக்கூட விடாமல், பழைய ரப்பர் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு இழுத்துக்கொண்டு போனார். தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பெஞ்சு, இரண்டு காற்றாடி, அதில் ஒன்று சுற்றவில்லை.

வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடக் கை நீட்டினேன். பளிங்குத் தொட்டி இருக்கும் என்று கை தானாகப் போனது. அங்கே இருந்தது வளைத்த கம்பி, கம்பிக்குள் ஒரு பால் மங்கு. ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே பால் சொட்டுவதற்குக் கட்டி வைப்பார்களே, அதே பீங்கான் மங்குதான். உள்ளே பளபளப்பு, வெளியே எத்தனை தேய்த்தாலும் போகாத கறை. கோலாலம்பூர் காப்பிக் கடைகளில் டிபன் கேரியரில் செடி வளர்க்கிறார்களே, அந்த மாதிரி அலங்காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம், பூசை முடிந்ததும் ஒரு பாட்டியிடம் கேட்டும் வைத்தேன்.

"அலங்காரமா? நீ எந்த ஊரு தம்பி? ஆளுக்கு 20 வெள்ளி போட்டுப் பளிங்குத் தொட்டிதான் வாங்கி வச்சோம். கோயில் திறக்குறது ஞாயித்துக்கிழமை மட்டும், மத்த நாளெல்லாம் தண்ணி அப்படியே கெடக்கும். டிங்கிக் கொசு புழு வச்சிருச்சு. சுகாதார ஆளுங்க வந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு சம்மன் எழுதிட்டாங்க லா. தீர்த்தம்னு சொன்னா விடுவாங்களா?"

அப்புறம் அந்த மங்கு மாட்டியது பாட்டியேதான். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். ரப்பர் காட்டில் மழை வந்தாலோ வெட்டில்லாத நாளிலோ மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள், தண்ணீர் தேங்காது, கொசு வராது. அதே கணக்கு இங்கேயும். எல்லாரும் போன பிறகு மங்கைக் கழற்றி, மிச்சத் தீர்த்தத்தைச் செம்பருத்தி வேரில் ஊற்றினார் (தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, மண்ணில்தான் விட வேண்டும்). துடைத்து, கம்பியில் தலைகீழாக வைத்தார். ஒரு விநாடி வேலை. மணிக்கட்டு திரும்பிய வேகத்தைப் பார்த்தால் ஒரு நாளைக்கு எத்தனை நூறு மரம் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் வெள்ளைப் பளிங்குத் தொட்டிதான், சம்மனும் வந்ததில்லை. ஆனால் அதன் பக்கம் நின்று நான் ஒரு நிமிஷமும் யோசித்ததில்லை.

அடுத்த புதன் சாம்பல் புதன் என்பதால் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மைலோ டின் வைத்திருந்தார்கள். போன வருஷக் குருத்தோலை ஞாயிறுக்கு மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து அதில் போடுகிறார்கள். அதைச் சுட்டுத்தான் நெற்றியில் பூசும் சாம்பல். எட்டிப் பார்த்தேன். கார்க் கண்ணாடியில் தொங்கி வெளுத்துப்போன ஒன்று, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகிப் பல்லி முட்டை ஒட்டியிருந்த ஒன்று, அடுப்புப் புகையில் மஞ்சளேறிய நாலைந்து. ஒரு வருஷம் முழுக்க அந்த வீடுகளில் நடந்த சண்டை, சமையல், செபம் எல்லாவற்றையும் பார்த்த ஓலை. எங்கள் பங்கில் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இதுவரை கேட்கவே தோன்றவில்லை, வெட்கம்தான்.

சாப்பாடு! பூசை முடிந்து மரத்தடியில் தோசையும், வெங்காயம் நிறையப் போட்டுப் பிரட்டிய சாடின் (டின் மத்தி மீன்) சம்பலும். உண்டியலில் விருப்பம்போல் போடலாம். நான் 5 வெள்ளி போட்டுவிட்டு ஆறு தோசை தின்றேன். முதல்நாள் கடைவீதியில் 9 வெள்ளிக்கு வாங்கிய ஆறிப்போன மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) நினைவுக்கு வந்து இன்னும் எரிச்சலானது.

எப்படிப் போவது என்று எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சொந்தக் கார் இருந்தால் அதில் போங்கள், அவ்வளவுதான். நான் வந்த பேருந்தில் ஏர்கோன் வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் கடையில் இதே மங்கு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 35 வெள்ளி என்றார்கள். வாங்கலாமா என்று பணப்பையைத் தொட்டதுமே அத்தை கையைப் பிடித்து இழுத்து, நேராகப் பாட்டி வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏழெட்டு மங்கு கிடந்தன, கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. "ஒண்ணு எடுத்துக்க தம்பி, நல்லாக் கழுவிக்க" என்றார் பாட்டி.