காயின் இல்லாமல், இணையம் இல்லாமல்: நாகர்கோவிலில் ஒரு பிளாக்செயின் தரவுப் பட்டறை

பதிவுகளைப் பல கணினிகளில் சங்கிலியாகச் சேமிக்கும் பிளாக்செயினின் தரவுக் கட்டமைப்பில் வேலை செய்யும் நிரலாளர்கள் ஒன்றுகூட வேண்டுமென்றால் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்காக 2018-இல் தொடங்கிய நிரலாக்கப் போட்டியான ஈத்இந்தியா அங்கேதான் வளர்ந்தது. கன்னியாகுமரியில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினால் பெங்களூரு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். மாணவர்களுக்குத் தேர்வும் செலவும் குறுக்கே நிற்கும், வீட்டில் அனுமதி கிடைப்பதும் கடினம். இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கும் குமரி மாவட்டத்திலேயே ஒரு நாள் பட்டறை நடத்துவோம் என்று முடிவெடுத்தோம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஊர் திரும்பும் சிலர்தான் இதில் என்னோடு சேர்ந்தவர்கள்.

முதல் தடை கல்லூரி வாசலிலேயே வந்தது. "இது கிரிப்டோ காயின் வாங்கி விற்கிற விஷயம்தானே? பெற்றோர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்று முதல்வர் கேட்டார். நியாயமான கேள்வி. பிளாக்செயின் என்ற பெயரைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்? வாய்வார்த்தையாகச் சமாதானம் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே மேல் என்று பட்டது. பணமுள்ள வாலட் (கிரிப்டோ கணக்கு) யாரும் திறக்கப் போவதில்லை, காயின் போன்ற எந்த டோக்கனையும் பற்றிப் பேச்சு இல்லை, பரிசாகவும் டோக்கன் கிடையாது என்று கடிதத்தில் தெளிவாக எழுதினோம். காரணத்தையும் சேர்த்தோம்: கிரிப்டோ போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்து வருமானத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத்துக்கு 1 சதவீத டிடிஎஸ். ஒரு மாணவரை இந்தக் கணக்கு வழக்கில் இழுத்துவிடுவது சரியல்ல. கடிதத்தைப் படித்ததும் முதல்வர் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடச் சொன்னார்.

நாள் குறிப்பதில் அதிக யோசனை தேவைப்படவில்லை. ஞாயிறு காலை இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் கோயிலில் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ போயிருப்பார்கள், ஆகவே சனிக்கிழமை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் மாலை நான்கு மணிக்கு முடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அதிக நேரம் எடுத்தது தொழில்நுட்ப ஏற்பாடு. எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பான செபோலியாவில் பழகலாம் என்றால், அதற்கான சோதனை ஈத்தரை (எத்தீரியத்தின் காயின்) இலவசமாகத் தரும் சில ஃபாசெட் தளங்கள், உண்மையான வலையமைப்பான மெயின்நெட்டில் கொஞ்சமாவது ஈத்தர் இருக்க வேண்டும் என்கின்றன. கடிதத்தில் கொடுத்த வாக்குக்கு அது ஒத்துவராது. கல்லூரி நெட்வொர்க்கோ இணைப்பு வாசல்களான பல போர்ட்களை அடைத்து வைத்திருந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இணையத்தை நம்பி உட்காரவும் முடியாது.

ஆகவே எல்லாவற்றையும் உள்ளூரிலேயே ஓட்டினோம். ஒவ்வொரு மடிக்கணினியிலும் ஹார்ட்ஹாட் என்ற நிரலாளர் கருவி வழியாக ஒரு தனிச் சங்கிலி, அதாவது தனி பிளாக்செயின். அதன்மேல் சங்கிலியின் தரவைத் தேடத்தக்கதாகத் தொகுக்கும் கிராஃப் நோட், கோப்புகளைப் பகிரும் ஐபிஎஃப்எஸ், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ். கிராஃப் நோட் திறந்த மூல மென்பொருள் என்பதால் இது சாத்தியமாயிற்று. மென்பொருளை அதன் தேவைகளோடு பொதியாக்கும் டாக்கரின் இமேஜ்களை ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் கோப்பாக்கிப் பென்டிரைவில் ஏற்றினோம். ஆய்வகத்தில் ‘டாக்கர் லோடு’ மட்டும் போதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை யுடிஎஃப்-8 குறியாக்கமும் ‘சி’ லொகேலும் (மொழி, வரிசை அமைப்பு) கொண்டதாக உருவாக்கியிருக்க வேண்டும், இல்லையேல் கிராஃப் நோட் கிளம்பாமல் நின்றுவிடும். பல விண்டோஸ் கணினிகளில் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கினால்தான் டாக்கரே எழும். இதைப் பட்டறையன்று செய்தால் காலைப் பொழுதே போய்விடும். முந்தைய வெள்ளிக்கிழமையே கணினியைக் கொண்டுவரச் சொன்னது பெரிய உதவியாக இருந்தது.

எடுத்துக்காட்டாக மீன் ஏலத்தை வைத்துக்கொண்டோம். எந்தக் கடற்கரை, என்ன மீன், ஒரு கூடை என்ன விலைக்குப் போனது என்று ஒவ்வோர் ஏலத்துக்கும் ஓர் ஈவென்ட் (நிகழ்வுப் பதிவு) வெளியிடும் சின்ன ஸ்மார்ட் காண்ட்ராக்ட், அதாவது சங்கிலியில் ஓடும் நிரல். சாளை, நெத்திலி, அயிலை, கணவாய் என்று மாணவர்களே பதிவிட்டார்கள். "குளச்சலில் சாளைக்கு அதிகபட்ச விலை என்ன?" என்று கேட்டதும் சிக்கல் தெரிந்தது. வெளியிட்ட ஈவென்ட்களைக் காண்ட்ராக்டால் திரும்பப் படிக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவர் சங்கிலியின் பதிவுத் தொகுதிகளை பிளாக் பிளாக்காகத் தேடித் தொகுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் கிராஃப் நோடில் ஓடும் சப்கிராஃப் செய்கிறது; அதற்கான விவரங்களை எழுதுவது மூன்று கோப்புகளில்: என்ன சேமிப்பது என்று ஸ்கீமாவில், எந்தக் காண்ட்ராக்ட் எந்தப் பிளாக்கிலிருந்து என்று மேனிஃபெஸ்டில், எப்படி மாற்றுவது என்று மேப்பிங்கில். விளக்கப்படம் காட்டி அரை மணி நேரம் பேசியிருந்தால்கூட இது இவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது.

மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அதன்பிறகுதான் பட்டறை சூடுபிடித்தது. ஓர் அணிக்கு எத்தனை ஏலம் பதிந்தாலும் மீனுக்கு ஒரு வரிதான் வந்தது. மீன் பெயரையே ஐடியாக (பதிவின் அடையாளமாக) வைத்திருந்தார்கள். புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். பரிவர்த்தனையின் தனி அடையாளமான ஹாஷோடு ஈவென்டின் வரிசை எண்ணான லாக் எண்ணைச் சேர்த்தால் ஒவ்வொரு பதிவும் தனியாக நிற்கும் என்பதை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். டைப்ஸ்கிரிப்ட் தெரிந்த இன்னொரு அணி மேப்பிங்கில் குளோஷர் (வெளி மாறிகளைப் பிடித்துக்கொள்ளும் உள் ஃபங்ஷன்) எழுதிவிட்டுத் திணறியது. மேப்பிங் எழுதும் மொழியான அசெம்பிளிஸ்கிரிப்டில் அது கிடையாது, சாதாரண லூப்தான் வழி.

முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, "சார், ஏலக்காரர் விலையைக் குறைத்துப் பதிந்தால் இது கண்டுபிடிக்குமா?" என்று கேட்டாள். கண்டுபிடிக்காது. பதிந்ததை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது என்பதற்கு மட்டுமே பிளாக்செயின் பொறுப்பு; பதிந்தது உண்மையா என்பதற்கு அல்ல. அப்படியானால் மீனவரும் வியாபாரியும் இருவருமே கையொப்பமிட வேண்டும் என்று அவள் சொல்ல, காண்ட்ராக்டை அங்கேயே மாற்றி எழுத ஆரம்பித்தார்கள். திட்டமிட்டிருந்த கடைசி அமர்வைக் கைவிட்டோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அடுத்த கூட்டம் மார்த்தாண்டத்தில். சங்கிலியின் நுனியிலுள்ள பிளாக்குகள் மாறிவிட்டால் சப்கிராஃப் என்ன செய்யும் என்பதுதான் தலைப்பு. 2022 செப்டம்பரில் நடந்த மெர்ஜ் என்ற பெரிய மாற்றத்துக்குப் பிறகு எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக்குக்கான இடம் இருக்கிறது. ஒரு பிளாக் இனி மாறாது என்று உறுதியாக இரண்டு எபாக் (பிளாக் இடங்களின் தொகுப்பு), அதாவது ஏறக்குறைய 13 நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் திரையில் தெரியும் விலையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மீன் ஏலத்தை வைத்தே செய்து காட்டப் போகிறோம். இருவர் கையொப்பமிடும் காண்ட்ராக்டை எழுதி முடிக்கும் பொறுப்பை முட்டத்து மாணவியின் அணி ஏற்றுக்கொண்டிருக்கிறது.