சி.எங். வாங்கிய கதை: சிலபஸ் தேடி அலைந்த இரண்டு வாரம்

போன வாரம் மின்னஞ்சல் வந்துவிட்டது. இனி நானும் சார்ட்டர்டு இன்ஜினியர்; சுருக்கமாக சி.எங்., பிரிட்டனில் பொறியாளர்களுக்குத் தரும் தொழில் தகுதி. மகிழ்ச்சிதான். ஆனாலும் பழைய படிப்புச் சான்றுகளுக்காக எடுத்த ஒரு டி.டி. விஷயம் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அதனால் அந்த அலைச்சலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிரிட்டனில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல்காரர்கள் பலரைப் போல நானும் ஐ-மெக்-ஈ என்ற மெக்கானிக்கல் பொறியாளர் அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பித்தேன். உறுப்பினர் பதிவு, கட்டணம் எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. சிக்கல் என் பி.இ. பட்டத்தில் இருந்தது. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டில் இந்தியா முழு உறுப்பினரானது 2014 ஜூனில்தான். அதற்கு அப்புறமும் என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் டியர்-1 (முதல் அடுக்கு) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். நான் 2009-ல் ஓர் இணைப்புக் கல்லூரியில் முடித்தவன். இங்கே வந்து படித்த எம்.எஸ்சி. எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அடித்தளப் பட்டத்தையும் எடைபோடுவார்கள். அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் பல்கலைக்கழகமே தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்டும், எங்கள் பேட்ச் படித்த சிலபஸும் கையில் இருக்க வேண்டும்.

சரி, ஊருக்குப் போகும்போது வாங்கிவிடலாம் என்று இரண்டு வாரம் லீவு போட்டேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்கே கல்லூரி அலுவலகத்தில் நின்றேன். டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்தில்தான் தருவார்கள், அதற்கு முன் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அன்று லீவு. மறுநாள் வாங்கிக்கொண்டு, வங்கியில் டி.டி. எடுத்து, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழக கவுன்டரில் நீட்டினேன். கிளார்க் டி.டி.யை ஒரு விநாடி பார்த்தார். சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) பெயரில் வேண்டுமாம்.

“தம்பி, இது பதிவாளர் பேர்ல இருக்கு. சி.ஓ.இ. பேர்ல எடுத்துட்டு வாங்க.”

“சார், உங்க வெப்சைட்ல பதிவாளர்னுதானே போட்டிருக்கு?”

“அது பழசு.”

அவ்வளவுதான். கவுன்டர் பன்னிரண்டரைக்கு மூடிவிடும். வங்கிக்கு ஓடிப்போய்த் திரும்புவதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. அன்றிரவு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அதே கிளார்க், “பாஸ்போர்ட்ல பேரு வேற மாதிரி இருக்கே” என்றார்.

இது நம்மில் பலருக்கு வரும். சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து சர்நேம் ஆகிவிடுகிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும் முன்பே அஃபிடவிட்டை எடுத்து வையுங்கள். நான்கைந்து நகலில் நோட்டரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். டி.டி. எடுப்பதற்கு முன் யார் பெயரில் என்று போன் போட்டுக் கேளுங்கள். இணையதளத்தை நம்பி நான் இழந்தது ஒரு முழு நாள்.

டிரான்ஸ்கிரிப்டாவது அலைந்தால் கிடைக்கும். சிலபஸ்தான் உயிரை எடுத்தது. எங்களுக்குப் பிறகு ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், பலமுறை மாறிவிட்டது. கல்லூரி நூலகத்தில் இல்லை. துறை அலுவலகத்தில் கேட்டேன். “அந்தப் பழைய புக்கெல்லாம் எடைக்குப் போட்டாச்சே” என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். நான்கு வருடப் படிப்பின் ஒரே சாட்சி அந்தப் புத்தகம். அது பேப்பர் கடைக்குப் போய்விட்டது என்று கேட்டபோது கண் கலங்கிவிட்டது எனக்கு.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, எங்களுக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் எடுத்த சாருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. பெயரைச் சொன்னதும் “எந்த பேட்ச்?” என்று மட்டும் கேட்டார். “சாயங்காலம் வீட்டுக்கு வா.”

பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார். பிரவுன் அட்டை போட்ட சிலபஸ் புத்தகம் அதில் இருந்தது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் எழுத்து ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் பக்கத்தில் பென்சிலில் தேதி போட்டிருந்தார். எந்த நாளில் எதை நடத்தி முடித்தார் என்ற கணக்கு. ஃபின்கள் (வெப்பம் சீக்கிரம் வெளியேற ஒட்டவைக்கும் தகடுகள்) பற்றிய யூனிட்டுக்கு எதிரே “மறுபடி எடுக்க வேண்டும், பசங்களுக்குப் புரியவில்லை” என்று எழுதியிருந்தது. அந்தப் பசங்களில் நானும் ஒருவன். சாருடைய மனைவி கொடுத்த காபியைக் குடிக்காமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை முதல் அட்டை வரை அங்கேயே ஸ்கேன் எடுத்தேன். துறைத் தலைவர், பாவம், நல்ல மனிதர், அச்செடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

1847-ல் பர்மிங்காமில் ஐ-மெக்-ஈ தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ரயில் இஞ்சின் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீபன்சன். 18 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவுப் பள்ளிக்குப் போய்க் கற்றவர். காகிதம் காகிதமாக அலைந்த நாட்களில் அவரைத்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவர் இஞ்சினே அவருக்குச் சான்றிதழ்.

படிப்பு மதிப்பீடு முடிந்ததும் பெரிய மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்தது வேலை பற்றிய அறிக்கை. பிரிட்டன் பொறியாளர்களுக்கான தகுதி விதித்தொகுப்பான யூ.கே.-ஸ்பெக் கேட்கும் திறன்கள் ஏ முதல் ஈ வரை ஐந்து வகை; அறிவு, வடிவமைப்பு, பொறுப்பு, பேச்சும் பழக்கமும், தொழில் நெறி. ஒவ்வொன்றுக்கும் நம் வேலையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். எழுதி முடித்து அலுவலகத்தில் ஒரு மூத்த சகாவிடம் கொடுத்தேன். அவர் ஏற்கெனவே சார்ட்டர்டு. மறுநாள் திரும்பி வந்த தாள்களில் சிவப்புப் பேனாவால் 31 வட்டங்கள். எல்லாம் ‘வீ’ (நாங்கள்) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின்மேல். “உன் டீமுக்கு யாரும் சி.எங். கொடுக்கப் போவதில்லை. நீ என்ன செய்தாய்?” என்றார்.

எனக்கு இது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ‘நான் செய்தேன்’ என்று சொன்னாலே தலைக்கனம் என்று வளர்ந்தவர்கள் நாம். எல்லா வாக்கியமும் ‘செய்தோம்’ என்றுதான் வரும். ஒரு வெப்பமாற்றியில் குழாய்கள் அதிர்ந்து, அவற்றைத் தாங்கும் பேஃபிள் தட்டுகளின் துளைகளில் உரசித் தேய்ந்த விவகாரம் ஒன்று உண்டு. “அதிர்வுப் பிரச்சினையைத் தீர்த்தோம்” என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் அதில் என் பங்கு தெளிவாக இருந்தது. தாங்கல் இல்லாத நீளம் நுழைவாய்ப் பக்கம் அதிகம் என்று கண்டுபிடித்தவன் நான். அந்த நீளத்தைப் பாதியாக்கினால் இயல் அதிர்வெண் நான்கு மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, அங்கே கூடுதல் தாங்கு தட்டு கேட்டவனும் நான். வாடிக்கையாளரிடம் வாதாடியதும் நான்தான். ஒரு வரி ஒன்றரைப் பக்கமானது.

ஈ பிரிவில் எழுத எதுவுமே இல்லை என்று தவித்தேன். அறநெறிக்கு நான் எங்கே போவேன்? சகா தோண்டித் தோண்டிக் கேட்டபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தகட்டில் பொறித்திருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) அதன் 3.1 என்ற பொருள் சோதனைச் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒரு இலக்கம் மாறியிருந்தன. டெலிவரி தள்ளிப்போகும் என்று எல்லோரும் நெருக்கியும், சரியான சான்று வரும்வரை அதை வெட்ட விடவில்லை. அது என் அன்றாட வேலை என்றே நினைத்திருந்தேன். “இதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்” என்றார் சகா.

நேர்காணல் ஆன்லைனில், நல்லபடியாகப் போனது. குழாய் அதிர்வு பற்றி விடாமல் துருவினார்கள். பதில் சொல்லச் சொல்ல உற்சாகம்தான் வந்தது. ஒரே ஒரு இடத்தில் வாய் தவறி ‘வீ’ என்றேன். கேட்டவர் சிரித்துக்கொண்டே “யார்?” என்றார். “நான்” என்றேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, வாரம் இரண்டு வரி, நீங்கள் எடுத்த முடிவை மட்டும் எழுதி வாருங்கள். பழைய மேனேஜர் வேலை மாறும் முன்பே உங்களுக்காகச் சாட்சி சொல்வாரா என்று கேட்டு, சொந்த மின்னஞ்சல் முகவரியை வாங்கி வையுங்கள். என் பழைய மேனேஜரைத் தேடிப் பிடிக்கவே ஆறு வாரம் ஆனது.

முடிவு வந்த அன்றே சாருக்குப் போன் செய்தேன். “ஃபின் கேட்டாங்களா?” என்றார். கேட்கவில்லை என்றேன். “கேட்டிருந்தா?” சொல்லியிருப்பேன் சார் என்று, அந்த யூனிட்டை முதலிலிருந்து அவருக்கு ஒப்பித்தேன். 2009-ல் மெக்கானிக்கல் முடித்த எங்கள் பேட்ச்காரர்கள் யாருக்காவது சிலபஸ் வேண்டுமென்றால் கேளுங்கள். மொத்தப் புத்தகமும், பென்சில் குறிப்புகளோடு, ஸ்கேனாக என்னிடம் இருக்கிறது.