தூக்கக் கணக்கு

நவம்பர் 3, திங்கள்
4 மணி நேரம். பக்கத்து வீட்டில் மறுபடியும் டிரில்.

நவம்பர் 4, செவ்வாய்
பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே தண்ணீர்மலை. 513 படி. போன மாதம் நிற்காமல் ஏறினேன். இன்று பாதியிலேயே இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, கால்தான் ஊறிய கட்டை மாதிரி கனத்தது. மேலே போய் முருகனிடம் தூக்கம் மட்டும் கேட்டேன்.

நவம்பர் 6, வியாழன்
கோச் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வு. இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே படுத்தவர்களின் கவனம், ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள் அளவுக்குத் தடுமாறியதாம். ஆனால் அவர்களுக்கு அது தெரியவேயில்லை, லேசான தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தார்களாம். இரண்டு வருடமாக நானும் எல்லாரிடமும் "பழகிப்போச்சு" என்றுதான் சொல்கிறேன். பினாங்குப் பாலத்து மாரத்தான் நள்ளிரவு தாண்டி 1.30க்குத் தொடங்கும், எனக்கு அது விழித்திருக்கும் நேரம்தானே என்று தெம்பாக இருந்தேன். விழித்திருப்பது வேறு, ஓடத் தெம்பிருப்பது வேறு.

ஒரு ராத்திரி தூங்காவிட்டாலும் ஒரே மூச்சில் பாரம் தூக்கும் பலம் அவ்வளவாகக் குறையாதாம். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குத்தான் அடி. அதே வேகம் இன்னும் கடினமாகத் தெரியும், சீக்கிரம் ஓய்ந்துவிடுவோம். படியில் எனக்கு நடந்தது அதுதான்.

நவம்பர் 7, வெள்ளி
4 மணி 40 நிமிடம். இடது முட்டி வலிக்கிறது.

நவம்பர் 8, சனி
ஸ்டான்ஃபோர்டு கூடைப்பந்து வீரர்களைப் பற்றியே யோசனை. 2011 ஆய்வு. தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். சில வாரங்களில் 16.2 வினாடி ஓட்டம் 15.5க்கு வந்தது. புதுக் காலணிக்கு நான் சேர்த்து வைத்த காசை நினைத்தேன். அந்தக் காசுக்கு ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கப் போகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு
அம்மாவே பக்கத்து வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த மலாயில், "பிள்ளை ராத்திரி வேலை பார்த்துட்டு வந்து படுத்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். டிரில் நின்றது. 7 மணி நேரம்! எழுந்தபோது எந்த நாள் என்றே புரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்
மறுபடியும் 7. குர்னி கடற்கரையில் 10 கிலோமீட்டர். நிற்கவில்லை. முட்டியை மறந்தே போனேன்.

நவம்பர் 12, புதன்
ஓவர்டைம். 3 மணி நேரம்.

நவம்பர் 13, வியாழன்
பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டேன். பேசிப் பார்க்கிறேன் என்றார் சூப்பர்வைசர். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கூப்பிட்டால் மட்டும் எழுப்பும்மா.