சாவி ஆண்பால், கதவு பெண்பால்

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நான் செய்த பெரிய தவறு, குறிப்பேட்டில் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு, அவற்றின் முன்னால் வரும் டேர், டீ, டஸ் என்ற ஆர்ட்டிகிள்களை விட்டுவிட்டதுதான். பொருள் தெரிந்தால் போதும், ஆண்பாலா பெண்பாலா நடுப்பாலா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நானூறு சொற்கள் சேர்ந்த பின்பும் அவற்றைப் பிழையில்லாமல் ஒரு வாக்கியத்தில் வைக்க முடியவில்லை. குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

இந்த அலட்சியத்துக்குத் தாய்மொழிப் பழக்கமும் ஒரு காரணம். தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்தது. மனிதர்கள் உயர்திணை, மரமும் மேசையும் அஃறிணை. பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டால் வினைமுற்று தானாக வந்துவிடும். மேசைக்கு என்ன பால் என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் உருப்போடுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனுக்குப் போனவனுக்குக் கரண்டி ஆண்பால் (டேர் லோஃபெல்), முட்கரண்டி பெண்பால் (டீ காபெல்), கத்தி நடுப்பால் (டஸ் மெஸ்ஸர்) என்று சொன்னால், கரண்டியிடம் அப்படி என்ன ஆண்தன்மை இருக்கிறது என்றுதான் தேடத் தோன்றும். நானும் தேடினேன். சூரியனைப் பெண்பாலாகவும் நிலவை ஆண்பாலாகவும் வைத்திருக்கும் மொழியில் அப்படித் தேடுவது வீண் வேலை என்பது பிடிபடச் சிறிது காலம் ஆனது.

தெளிவு தந்தது கார். ஜெர்மனில் அதை 'டஸ் அவ்ட்டோ' என்றும் சொல்லலாம், 'டேர் வாகென்' என்றும் சொல்லலாம். வாசலில் நிற்பது ஒரே வண்டி. ஒரு சொல்லால் அழைத்தால் நடுப்பால், இன்னொரு சொல்லால் அழைத்தால் ஆண்பால். அப்படியானால் பால் வண்டிக்கு உரியதன்று, சொல்லுக்கு உரியது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' நடுப்பாலாக இருப்பதும் இதனால்தான். 'ஷென்' என்பது சிறுமைப் பொருள் தரும் விகுதி. அது எந்தச் சொல்லின் இறுதியில் ஒட்டினாலும் அந்தச் சொல் நடுப்பாலாகிவிடும். ஜெர்மானியர்கள் சிறுமிகளை உயிரற்ற பொருளாகக் கருதுகிறார்கள் என்று கேலி செய்பவர்கள், 'குழந்தை அழுதது' என்று நாம் அஃறிணையில் சொல்வதை மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனிலும் குழந்தை, 'டஸ் கிண்ட்', நடுப்பால்தான்.

சொல்லின் வடிவத்தைக் கவனிக்கத் தொடங்கியதும் பாதிச் சுமை இறங்கிவிட்டது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடியும் பெயர்கள் பெண்பால். அதனால் செய்தித்தாளான 'த்ஸைடுங்', சுதந்திரமான 'ஃப்ரைஹைட்' இரண்டுக்கும் யோசிக்காமல் 'டீ' போடலாம். கிழமைகள், மாதங்கள், பருவங்கள் ஆண்பால். வினைச்சொல்லை அப்படியே பெயராக்கினால் நடுப்பால். எகரத்தில் முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்ற விதியை மட்டும் நான் முழுதாக நம்புவதில்லை. பெயரைக் குறிக்கும் 'நாமெ'யும் பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'கேஸெ'யும் ஆண்பால், கண்ணைக் குறிக்கும் 'அவ்கெ' நடுப்பால் என்று அன்றாடச் சொற்களே அந்த விதியை மீறி நிற்கின்றன.

கூட்டுச்சொற்கள் நீளத்தால் மிரட்டினாலும் பால் விஷயத்தில் மிக நேர்மையானவை. வீடு நடுப்பால், கதவு பெண்பால், சாவி ஆண்பால். மூன்றையும் சேர்த்து 'ஹவுஸ்ட்யூர்ஷ்ல்யூஸெல்' என்று ஒரே மூச்சில் எழுதினால் கடைசியில் நிற்கும் சாவியின் பாலே முழுச் சொல்லுக்கும் வரும். 'வீட்டுக் கதவுச் சாவி' என்று தமிழில் சொல்லும்போதும் தலைமைச் சொல் கடைசியில்தான் நிற்கிறது என்பதால் இதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

தவறான ஆர்ட்டிகிளைப் போட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுமே, எதற்கு இவ்வளவு சிரமம் என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் புரியும் என்பது உண்மைதான். ஆனால் ஜெர்மனில் வேற்றுமை உருபின் வேலையைப் பெருமளவு செய்வது ஆர்ட்டிகிள். நாம் 'மனிதனை' என்று சொல்லின் பின்னால் 'ஐ' சேர்க்கிறோம். அவர்கள் சொல்லின் முன்னால் இருக்கும் 'டேர்' என்பதை 'டேன்' என்று மாற்றுகிறார்கள். இதனால் 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது' என்று நாம் இடம் மாற்றிச் சொல்வதைப் போல அவர்களாலும் எழுவாயையும் செயப்படுபொருளையும் மாற்றி வைக்க முடிகிறது. ஒருமையில் இப்படி இரண்டாம் வேற்றுமையில் மாறுவது ஆண்பால் ஆர்ட்டிகிள் மட்டுமே. டீயும் டஸ்ஸும் அப்படியே இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் நினைவில் வைக்க முடியாதவர்கள் ஆண்பால் சொற்களை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

காதால் கேட்டுக் கற்பவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நம்முடைய நான்காம் வேற்றுமைக்கு ஓரளவு இணையான வேற்றுமையில் பெண்பாலின் 'டீ', 'டேர்' ஆகிவிடுகிறது. 'பள்ளியில்' என்பதற்கு 'இன் டேர் ஷூலெ' என்று திரும்பத் திரும்பக் கேட்ட நான், பள்ளி ஆண்பால் என்றே பல வாரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது 'டீ ஷூலெ'. அதன் பிறகு எழுவாய் வடிவத்தில் சரிபார்க்காமல் எந்தச் சொல்லையும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நடுப்பாலுக்குப் பச்சை என்று மை மாற்றி எழுதுவதும் உதவுகிறது. ஆனால் ஆர்ட்டிகிளையும் சொல்லையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்க்காவிட்டால் நிறம் மட்டும் நினைவில் நின்று சொல் போய்விடுகிறது.

இப்போதும் என்னைத் தடுக்கி விழவைப்பது 'ஸே' என்ற சிறு சொல். 'டேர் ஸே' என்றால் ஏரி, 'டீ ஸே' என்றால் கடல். ஜெர்மனியின் தெற்கு எல்லையில் இருக்கும் போடன்ஸே ஏரி என்பதால் ஆண்பால். வடக்கில் இருக்கும் நோர்ட்ஸேயும் ஓஸ்ட்ஸேயும் கடல்கள் என்பதால் பெண்பால். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என் குறிப்பேட்டில் நீல மையில் ஒரு வரியும் சிவப்பு மையில் ஒரு வரியும் இருக்கின்றன.