சோபா மெத்தைக்கடியில் கிடைத்த உயில்

அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் 2018 ஆகஸ்டில் காலமானபோது, அவர் உயில் எழுதவில்லை என்றே குடும்பத்தினர் எண்ணினார்கள். மறு ஆண்டு அவர் வீட்டில், பூட்டியிருந்த அலமாரியில் 2010ஆம் ஆண்டிட்ட கையெழுத்துத் தாள்களும், சோபா மெத்தைக்கடியில் இருந்த குறிப்பேட்டில் 2014இல் எழுதிய பக்கங்களும் கிடைத்தன. எது செல்லும் என்பதில் மகன்கள் பிரிந்து நின்று வழக்காட, 2023 ஜூலையில் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் 2014ஆம் ஆண்டு எழுத்தே செல்லும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்து சேர ஐந்து ஆண்டுகள் ஆயின.

உயில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நம்பியிருந்தவன்தான். இதுவே இறந்தவரின் கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் உறுதிசெய்து தருவதே புரோபேட் என்பதால், சிக்கல் பல நேரங்களில் சொத்தைவிட அந்தத் தாளில்தான் ஒளிந்திருக்கிறது. நகலெடுப்பதற்காக என் புதிய உயிலின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றப் போனபோது வழக்கறிஞர் பதறித் தடுத்தார். மூலையில் கூடுதலாக இரண்டு துளைகள் தெரிந்தால், பக்கம் மாற்றப்பட்டதா, இணைத்திருந்த வேறு தாள் ஏதும் காணாமல் போயிற்றா என்ற ஐயம் எழும். இங்கிலாந்தில் அதை விளக்கித் தனியே எழுத்து வாக்குமூலம் தரவேண்டி வரலாம். எழுதியவர் வசமே இருந்த மூல உயில் அவர் இறந்தபின் கிடைக்கவில்லை என்றால், அவரே அதை அழித்திருப்பார் என்றுதான் அங்கே சட்டம் முதலில் அனுமானிக்கிறது.

அந்நாட்டின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் தேவை. அந்த இருவரில் ஒருவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது. பக்கத்தில் நிற்கிறானே என்று மகனிடமே பேனாவை நீட்டும் தகப்பன், தான் கொடுத்ததைத் தானே பறித்துவிடுகிறார்.

புரோபேட்டே வேண்டாம் என்று, உயிரோடிருக்கும்போதே, வாரிசுகளுக்காகச் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் டிரஸ்ட் என்ற ஏற்பாட்டை அமைப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். நல்ல வழிதான், ஆனால் டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்திட்ட கையோடு வீட்டை அதன் பெயருக்கு மாற்றாமல் விட்டால், அந்த வீடு பெரும்பாலும் நீதிமன்றப் படியேறித்தான் தீரவேண்டும்.

என் பழைய உயிலை வழக்கறிஞர் முன்னிலையிலேயே கிழித்துப் போட்டேன். புதியதன் மூலப்படி இருக்கும் இடத்தை, அதை நிறைவேற்றப் பொறுப்பேற்றிருக்கும் தங்கையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பின்னை இன்றுவரை தொடவில்லை.