தீர்மானப் புத்தகத்தில் ஏறாத தண்ணீர்த் தொட்டி

கிராம சபைக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று: தீர்மானம் எழுதப்படும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். 2025 ஜனவரி 26 அன்று நான் போட்டேன். நுழைந்ததுமே புத்தகத்தை நீட்டினார்கள். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. "வந்ததற்கு அடையாளம்தான்" என்றார்கள். பிறகு எழுந்து, எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டியைக் கழுவிப் பல மாதங்களாகிவிட்டன, குழாயில் பாசி வருகிறது என்று பேசினேன். தலையாட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள்.

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் அந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. எங்களுடையது உட்பட 28 மாவட்டங்களில் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். முன்பாவது தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். "ஓட்டுக் கேட்டு வர ஆளில்லாத ஊரில் உன் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றார் அப்பா. கிராம சபைக்கு மறுநாள் திங்கள்கிழமை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியோடு முடிந்துபோனது. தொட்டித் தூணில் 'சுத்தம் செய்த நாள்' என்று நீலப் பெயிண்டில் எழுதிக் கட்டம் போட்டிருக்கிறது. கட்டத்துக்குள் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை.

கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முதலில் எழுதிய மனுவில் 'ஏன் கழுவவில்லை?' என்று கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் படித்துவிட்டுக் கிழித்தே போட்டார். காரணம் கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்களாம். ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். ஆகவே ஜனவரி 26 தீர்மான நகல், தொட்டி சுத்தம் செய்த பதிவேட்டின் நகல், பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீது நகல் என மூன்றே வரிகள்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று ஒன்றிய அலுவலகம் போனது என் தவறு. இரண்டு பஸ், அரை நாள் கூலி. அங்கிருந்த எழுத்தர் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை. "ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள்" என்றார். ஊராட்சி அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. வேறு அலுவலகத்துக்குரிய மனுவாக இருந்தாலும் 5 நாளுக்குள் அவர்களே அனுப்பிவைக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்வது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு எழுதினேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அடுத்த வாரமே ஒரு கடிதம்: ஏழு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 14 ரூபாய் கட்டுங்கள். காலக்கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும், பிரிவு 7(6). அதையே எழுதி அனுப்பினேன். பக்கங்கள் வந்து சேர்ந்தன. பதினாலு ரூபாய்தான், ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

தீர்மான நகலில் தொட்டி என்ற சொல்லே இல்லை. கீழே, தொட்டியைப் பற்றிப் பேசவே பேசாத ஆள்போல, என் கையெழுத்து மட்டும் இருந்தது. பதிவேடோ அவ்வளவு ஒழுங்கு! மாதம் தவறாமல் 5, 20 தேதிகளில் சுத்தம் செய்ததாக ஒரே பேனா, ஒரே சாய்வெழுத்து. ஜனவரி 20-க்கு நேரே 'கழுவி நீர் நிரப்பப்பட்டது' என்றிருந்தது. மோட்டார் எரிந்து ஊரே குடத்தோடு வயல் கிணற்றுக்கு நடந்த வாரம் அது.

மே 1 கிராம சபையில் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். குடம் சுமந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். புத்தகம் மேசையிலேயே கிடந்தது, எழுதும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மே 5 காலையில் இருவர் தொட்டியில் ஏறினார்கள். கீழே வழிந்த தண்ணீர் வாய்க்கால் சேற்று நிறத்தில் இருந்தது. கட்டத்துக்குள் தேதி விழுந்தது, அடுத்துக் கழுவும் நாள் 20.5.2025 என்றும் எழுதினார்கள். 20-ஆம் தேதி யாரும் வரவில்லை. 22 அன்று வந்து கழுவிவிட்டு, கட்டத்தில் 20 என்றே எழுதப் போனார்கள். அப்பா கீழே நின்றுகொண்டு, "இரண்டு போடு, இரண்டு" என்று கத்திக்கொண்டிருந்தார்.