அப்சிந்த் ஐந்து சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்

பிணம் எழுந்துவிட்டது, ஒன்பதாவது முயற்சியில்.

'பிணத்தை எழுப்புவது' என்று பெயர் வைத்த காக்டெயில் கார்ப்ஸ் ரிவைவர் நம்பர் 2-ல் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஜின், குவான்த்ரோ என்ற ஆரஞ்சு மதுபானம், லில்லே பிளாங்க் என்ற வாசனை ஒயின், எலுமிச்சைச் சாறு, நான்கும் 22.5 மில்லி, குலுக்கி வடிகட்டினால் முடிந்தது. இந்த நால்வரோடு எனக்குச் சண்டை இல்லை. ஐந்தாவதாக வரும், சோம்பு வாசமுள்ள கடும் மதுபானமான அப்சிந்த்தான் ஒரு வாரமாகப் பாடாய்ப் படுத்தியது. 1930-ல் வந்த சவாய் ஹோட்டல் காக்டெயில் புத்தகத்தில் அங்கிருந்த பார்டெண்டர் ஹாரி கிராடாக் 'ஒரு டேஷ்', அதாவது ஒரு சிறு தெறிப்பு, என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாற்றின் பாட்டிலுக்கு அந்தக் கணக்கு சரி, வாயில் அடைப்பு இருக்கிறது. அப்சிந்த் பாட்டிலைச் சாய்த்தால் கொட்டத்தான் செய்கிறது.

முதல் மூன்று தடவை பார் ஸ்பூனில் கால்வாசி என்று கண்ணளவாக ஷேக்கரில் விட்டேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். வாய் முழுக்கச் சோம்பு. லில்லேயின் ஆரஞ்சுத் தோல் வாசம் இருந்த சுவடே இல்லை.

சரி, அப்சிந்த்தால் கிளாஸை மட்டும் அலசி மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று பார்த்தேன். கொட்டும்போது வயிறு எரிந்தது வேறு விஷயம். ஃபிரீசரிலிருந்து எடுத்த கூப்பில், அதாவது அகன்ற வாய் கிளாஸில், பனி பூத்திருக்கும் அல்லவா? அந்த ஈரம் பட்டதும் அப்சிந்த் பால்போல் வெளுத்து, கண்ணாடியில் கோடு கோடாக அப்பிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு வெளியே போனது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் ருசி அருமை, மறுநாள் அதே சோம்பு. ஸ்பிரே பாட்டிலும் வாங்கினேன். இரண்டே நாளில் கழுத்தில் ஒழுக ஆரம்பித்தது, அலமாரியே மணக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது சாதாரணச் சொட்டு மருந்துக் குப்பி. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் என்றால் மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. ஆல்கஹாலுக்குப் பரப்பு இழுவிசை குறைவு, சொட்டு சிறிதாக விழும். அதனால் மில்லிக் கணக்கையே தூக்கிப் போட்டுவிட்டு, அதே குப்பியில் சொட்டை மட்டும் எண்ணினேன். மூன்று போதவில்லை, எட்டு அதிகம். இப்போது ஐந்து. கூப்பைத் துடைத்து, ஐந்து சொட்டையும் சுவரில் உருட்டிப் பரப்புகிறேன், எதையும் கொட்டுவதில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சோம்பு, நாக்கில் எலுமிச்சை, அப்புறம் மெதுவாக லில்லேயின் தேன் வாசம்.

நேர்மையாகச் சொன்னால், தோற்றவற்றில் இரண்டு அப்சிந்த்தின் குற்றமே இல்லை. லில்லேயைத் திறந்து இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். 17 சதவீதம் என்றாலும் அது ஒயின்தானே, ஆக்சிஜன் பட்டு வாடிப்போய்விட்டது. புதுப் பாட்டில் இப்போது ஃபிரிட்ஜில்.

கிராடாக் கேட்டது பழைய கீனா லில்லே, சிங்கோனாப் பட்டையின் கசப்பு உள்ளது. இன்றைய லில்லே சாது. அந்தக் கசப்புக்காகப் பலர் கோக்கி அமெரிக்கானோ என்ற இத்தாலிய ஒயின் பக்கம் போகிறார்கள். நானும் ஒரு பாட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் வெஸ்பர் என்ற காக்டெயில் போட்டுப் பார்க்க ஆசை, அதில் எலுமிச்சைச் சாறும் இல்லை, அப்சிந்த்தும் இல்லை. ஆனால் கார்ப்ஸ் ரிவைவரில் விட்டால்? கோக்கி லில்லேயைவிடக் கசப்பு, அதோடு இந்த ஐந்து சொட்டு ஒத்துப்போகுமா? அநேகமாக மறுபடி மூன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.